கவுன்சிலர் சொன்ன தண்ணீரைத் தெருவுக்குக் கொண்டுவருவது எப்படி?

2022 பிப்ரவரி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த மூன்று பேரும் ஒரே வாக்குறுதியைத்தான் தந்தார்கள்: ஆறு மாதத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர். அவர்களில் ஒருவர் ஜெயித்தார். தண்ணீர் வந்தது 2024 கடைசியில். இடைப்பட்ட காலத்தில் பாதிக்கு மேல் கவுன்சிலரோ அதிகாரிகளோ இழுத்தடித்ததல்ல, எங்கே போய் எதைக் கேட்பது என்று தெரியாமல் நானே தொலைத்தது. உங்கள் தெருவும் அப்படி இருந்தால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

நான் சொல்வது நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சிக்குப் பொருந்தும். கிராமம் என்றால் எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

1. தண்ணீர் யார் கையில் இருக்கிறது?

சென்னையில் குழாய்த் தண்ணீர் மாநகராட்சியின் பொறுப்பல்ல. குடிநீர் வாரியம் தனி அமைப்பு. கவுன்சிலர் மாமன்றத்தில் உங்களுக்காகப் பேசலாம், வாரியப் பொறியாளரிடம் சொல்லலாம். ஆனால் புகார் பதிய வேண்டியது வாரியத்தின் 1916 அல்லது 044-45674567 எண்ணில். 1913-க்குக் கூப்பிட்டால் அது மாநகராட்சி. குப்பைக்கும் தெருவிளக்குக்குமான எண்.

மற்ற ஊர்களில் பெரும்பாலும் இரண்டு கை மாறி வருகிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊர்வரை தண்ணீரைக் கொண்டுவந்து தருவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். அங்கிருந்து மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி உங்கள் தெருவுக்கு விடுவது நகராட்சி. “மேல இருந்தே தண்ணி வரலைங்க” என்ற பதில் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அது உண்மையா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு: அதே தொட்டியிலிருந்து தண்ணீர் பிடிக்கும் அடுத்த தெருவில் விசாரியுங்கள். அங்கே ஒழுங்காக வருகிறதென்றால் கோளாறு உங்கள் தெருவில்.

கோவையின் பழைய 60 வார்டுகளில் விநியோகம் 26 ஆண்டு ஒப்பந்தத்தில் சூயஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. அங்கேயும் மனுவின் மேல் எழுத வேண்டிய பெயர் மாநகராட்சி ஆணையர்தான். ஒப்பந்தம் கொடுத்தவர் அவர்.

கிராமத்தில் ஊராட்சி. ஆனால் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லாத ஊரில் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போங்கள்.

2. ஒரு மாதம் நோட்டு எழுதுங்கள்

“தண்ணியே வரலை சார்” என்பதற்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம். தெருவின் தொடக்கத்தில் ஒரு வீடு, நடுவில் ஒரு வீடு, கடைசியில் ஒரு வீடு என்று மூன்று பேர் எழுத வேண்டும்.

எங்கள் நோட்டில் கடைசி வீட்டுக் கணக்கு இது. எட்டு நாளுக்கு ஒருமுறை, இரவு இரண்டு மணி வாக்கில், 40 நிமிடம். 15 லிட்டர் குடம் நிரம்ப இரண்டரை நிமிடம். ஆக 16 குடம், 240 லிட்டர். நான்கு பேர் உள்ள வீடு, எட்டு நாள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழரை லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேடு சொன்ன அளவு 135 லிட்டர், பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு 70. கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு 55. இந்த ஏழரையையும் எழுபதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி நீட்டிய அன்றைக்குத்தான் உதவிப் பொறியாளர் முதன்முறையாக என்னை உட்காரச் சொன்னார்.

தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ வந்தால் இத்தோடு தர சோதனையும் செய்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகம் இருக்கிறது. கட்டணத்தை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிருமிச் சோதனைக்கு வீட்டுப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் வேலைக்கு ஆகாது. கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் அது சாக்கடை கலந்த தண்ணீர். அப்போது மாதக் கணக்கில் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே நகர்நல அலுவலரிடம் போங்கள்.

3. வால்வைக் கண்டுபிடியுங்கள்

புது பைப் லைன் கேட்டு நான்கு மாதம் அலைந்தேன். ஒருநாள் தண்ணீர் திறந்துவிடும் ஊழியரை டீக்கடையில் பிடித்து, “எங்க தெருவுக்கு வால்வு எங்கேண்ணே?” என்றேன். அவர் ரோட்டைக் காட்டினார். வெறும் தார். முந்தைய ஆண்டு ரோடு போட்டபோது வால்வுத் தொட்டியின் மூடிமேலேயே தாரைக் கொட்டி உருட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வால்வு பாதி திறந்த நிலையில் உள்ளே மாட்டிக்கொண்டது. கடப்பாரையால் இரண்டடி அகலத்துக்குப் பெயர்த்ததும் மண்ணுக்குள் துருப்பிடித்த திருகு தெரிந்தது. திறந்து பார்த்ததில் தெருவின் முன்பாதிக்கு அன்றைக்கே விடிவு பிறந்தது.

கடைசிப் பதினெட்டு வீட்டுக்கு மட்டும் குழாய் மாற்றாமல் தீராது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதனால் மனு எழுதுவதற்கு முன் தண்ணீர் திறப்பவரோடு ஒருநாள் நடந்து பாருங்கள். எந்தத் தொட்டி, எந்த வால்வு, குழாய் எத்தனை அங்குலம், எங்கே மேடு என்று ஒரு கைவரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். பொறியாளருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். நீங்கள் தரும் மனுவில் அவர் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள்; பாவம், தற்காலிக ஊழியராக இருப்பார்.

இன்னொரு விஷயம். குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சும் வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும். புகார் கொடுத்து ஆய்வுக்கு வந்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பையும் துண்டிப்பார்கள். உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டில் இருந்தால் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் தெரு இரண்டாகும், கையெழுத்து பாதியாகும்.

4. வாக்குறுதி என்ன மதிப்பு பெறும்?

சட்டப்படி ஒன்றுமில்லை. தேர்தல் நோட்டீஸை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போக வழி கிடையாது. ஆனாலும் அந்த நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள். ‘குடிநீர்’ என்ற வரியைப் பேனாவால் வட்டமிட்டு, நகல் எடுத்து மனுவோடு இணையுங்கள். அதிகாரிக்கு அது தேவையில்லாத காகிதம். கவுன்சிலர் கையில் அது வேறு மாதிரி வேலை செய்யும்.

கவுன்சிலரால் முடிந்ததும் முடியாததும் தெரிந்திருக்க வேண்டும். மன்றக் கூட்டத்தில் கேள்வி எழுப்பலாம். உங்கள் தெரு வேலையை மன்றப் பொருளில் (கூட்டத்தின் அஜெண்டாவில்) சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுக்கலாம், தீர்மானத்துக்கு ஓட்டுப் போடலாம். தன்னிச்சையாகப் பணம் ஒதுக்க முடியாது. ஊழியருக்கு உத்தரவு போடவும் அதிகாரமில்லை. போனில் சொன்னால் மரியாதைக்குச் செய்வார்கள், அவ்வளவுதான். “நாளைக்கே ஆள் அனுப்புறேன்” என்று அவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, கடிதம் எப்போது தருவீர்கள் என்று கேளுங்கள்.

5. மனு

ஆணையருக்கு எழுதுங்கள், பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. நகல் மேயர் அல்லது தலைவருக்கு, பொறியாளருக்கு, கவுன்சிலருக்கு. ஒரு பக்கம் போதும். முதல் பத்தியில் கணக்கு, இரண்டாவதில் வால்வு, குழாய் விவரம், மூன்றாவதில் என்ன வேண்டும் என்பது. “ஆவன செய்யுமாறு” என்று முடிக்காதீர்கள். “இன்ன இடத்திலிருந்து இன்ன இடம்வரை குழாய் மாற்ற மதிப்பீடு தயாரித்து மன்றத்தின் பார்வைக்கு வைக்க வேண்டும்” என்று கேளுங்கள்.

இணைக்க வேண்டியவை:

- நோட்டின் ஜெராக்ஸ், கைவரைபடம், நான்கைந்து போட்டோ.
- வீட்டு எண்ணோடு கையெழுத்துகள்.
- சொத்து வரி, குடிநீர்க் கட்டண ரசீது நகல்கள். இணைப்பு எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஆதார் நகல் வேண்டாம். அறுபது வீட்டு ஆதாரை யாரோ ஒருவர் மேசையில் கொட்டிவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரிய பொறி ரசீதில்தான். கையெழுத்துப் போட்ட எங்கள் தெருக்காரர்களில் பதினோரு வீட்டில் குடிநீர்க் கட்டணம் பாக்கி. மனுவுக்கு வந்த முதல் பதில் அந்தப் பட்டியல்தான். பாக்கியைக் கட்டி முடித்து மறுபடி மனு கொடுப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. நகராட்சிகளுக்கான இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டால் பாக்கி தெரியும்; மனுவுக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் பார்த்துவிடுங்கள்.

மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை, தேதி, பதிவு எண் மூன்றும் வாங்குங்கள். பொறியாளர் மேசையில் நேரில் கொடுத்த மனுவுக்கு ஆயுள் அன்று சாயங்காலம்வரைதான். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

6. கவுன்சிலரைப் பார்க்கப் போவது

காலை எட்டு மணிக்குள் போங்கள். ஐந்து பேர் போதும். இருபது பேர் போனால் அது போராட்டமாகத் தெரியும். எதிர்க்கட்சி ஆள் ஒருவரை முன்னால் நிறுத்தாதீர்கள்.

தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. எங்கள் கவுன்சிலரும் பெண்தான். ஆனால் போனில் பேசுவதும், ஆட்களைப் பார்ப்பதும், “நான் பாத்துக்கிறேன்” என்பதும் அவர் கணவர். முதல் ஒன்பது மாதம் அவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் கவுன்சிலர் அக்காவையே நேரில் பார்த்தபோது, “இதை ஏன் என்கிட்ட யாரும் கொண்டுவரலை?” என்றார். அடுத்த வாரமே கடிதம் வந்தது. கணவரிடம் பேசுவது தவறில்லை, தவிர்க்கவும் முடியாது. ஆனால் மன்றத்தில் நாற்காலி அவருக்கு இல்லை. கடிதம் கவுன்சிலரின் லெட்டர்பேடில், அவர் கையெழுத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் கடிதத்தின் நகலையும் தபால் பிரிவு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று கவுன்சிலரே நம்பிக்கொண்டிருப்பார்.

7. எண் எண்ணாகப் பின்தொடருங்கள்

மனு எண். மதிப்பீடு. தீர்மான எண். டெண்டர். வேலை உத்தரவு எண். இந்த ஐந்தில் எதில் நிற்கிறது என்பதைத் தவிர வேறெதையும் யாரிடமும் கேட்காதீர்கள். “புராசஸ்ல இருக்கு” என்றால், எந்த எண்ணில்?

மதிப்பீட்டுக்கு உதவிப் பொறியாளர் தெருவை அளக்க வர வேண்டும். வரும்போது உங்கள் வரைபடத்தோடு கூட நடங்கள். எங்கள் தெருவில் அவர் பாதியிலேயே அளவை முடித்துவிட்டார். கடைசிச் சந்து அவருக்குத் தெரியவே இல்லை.

மன்றக் கூட்டம் பொதுவாக மாதம் ஒருமுறை. உங்கள் பொருள் அஜெண்டாவில் ஏறியதா என்று கூட்டத்துக்கு முன்பே கவுன்சிலரிடம் கேளுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு மாதம் போச்சு. கூட்டத்தில் “ஒத்திவைப்பு” என்று வந்தாலும் தளர வேண்டாம், காரணம் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் பொருள் ‘நிதி இல்லை’ என்று ஒருமுறை தள்ளிப்போனது.

காலக் கணக்கும் முக்கியம். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். எனவே மனுவை அக்டோபர், நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். எல்லோரும் போல ஏப்ரலில் போனால் லாரித் தண்ணீர்தான் கிடைக்கும், குழாய் கிடைக்காது. தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் புது வேலை தொடங்க மாட்டார்கள். 2022 மார்ச் 2-ஆம் தேதி பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தோடு முடிகிறது. கடைசி ஆறு மாதத்தில் எல்லா வார்டும் ஒரே நிதிக்கு அடித்துக்கொள்ளும்.

8. ஆர்.டி.ஐ.

மனு கொடுத்து 45 நாள் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும், டி.டி.க்கு அலைய வேண்டாம். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்றோடு கேட்டால் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போட்டுவிட்டாலும் பிரிவு 6(3)-ன்படி ஐந்து நாளில் அவர்களே சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

என் முதல் ஆர்.டி.ஐ. குப்பைக்குப் போனது. “எங்கள் தெருவுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை?” என்று கேட்டிருந்தேன். ‘ஏன்’ என்பது தகவல் அல்ல. கோப்பில் இருப்பதைத்தான் கேட்க முடியும். இரண்டாவது முறை இப்படிக் கேட்டேன்:

“இன்ன தேதியில் இன்ன எண்ணில் பெறப்பட்ட மனுவின்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல். வார்டு உறுப்பினரின் இன்ன தேதிக் கடிதம் பற்றிய கோப்புக் குறிப்பின் நகல். இன்ன மேல்நிலைத் தொட்டியில் கடந்த மூன்று மாதத்தில் நீர் ஏற்றிய, திறந்துவிட்ட பதிவேட்டின் நகல். எங்கள் வார்டில் மூன்று ஆண்டுகளில் குடிநீருக்காக மன்றம் நிறைவேற்றிய தீர்மானங்களின் நகல்.”

பதில் வந்த கவரைப் பிரித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கவுன்சிலர் கடிதம் தபால் பதிவேட்டில் ஏறியதோடு சரி. எந்தக் கோப்பிலும் சேரவில்லை. கணவர் சொல்லிக்கொண்டிருந்த ‘எஸ்டிமேட்’ போடப்படவே இல்லை. அந்தத் தாளைக் காட்டியதும் கவுன்சிலர் அக்காவுக்கு வந்த கோபம் என் கோபத்தைவிடப் பெரிது. அடுத்த கூட்டத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே மாதக் கணக்கில் ஆகும், எனவே அதை நம்பி மற்ற வழிகளை நிறுத்தாதீர்கள்.

9. பகுதி சபையில் பதிவு செய்யுங்கள்

நகரங்களிலும் கிராமசபை மாதிரி ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று 2022-இல் கொண்டுவந்தார்கள்; அந்த ஆண்டு உள்ளாட்சி தினமான நவம்பர் 1-இல் கூட்டங்கள் நடந்தன. எங்கள் வார்டில் எப்போது நடக்கிறது என்பதே நடந்து முடிந்த பிறகுதான் தெரியும். தேதியைக் கவுன்சிலரிடம் எழுதிக் கேளுங்கள். போய், பேசி, நீங்கள் பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறுகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

கிராமத்தில் கிராமசபை ஆண்டுக்கு ஆறுமுறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசாதே என்று யாரும் சொல்ல முடியாது. 15-ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 30 சதவீதம் குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கென்றே கட்டி வைத்தது. அது எதற்குச் செலவானது என்று கணக்குக் கேளுங்கள்.

10. அதற்கும் மேலே

1100, முதல்வரின் முகவரி: புகார் எண் கிடைக்கும், ஆனால் சுற்றி வந்து அதே உதவிப் பொறியாளரின் மேசையில்தான் விழும். “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று மூடிவிட்டால் மறுபடி திறக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக குறைதீர் கூட்டமும் அப்படித்தான். எண்ணுக்காகப் போங்கள், அற்புதத்துக்காகப் போகாதீர்கள்.

காலிக்குட மறியலும் செய்து பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் லாரி வந்தது, இரண்டு நாள் வந்தது, பிறகு நின்றது. இரண்டு பேர்மேல் வழக்குப் பதிவானதுதான் மிச்சம்.

அதிகம் பேர் தொடாத வழி நிரந்தர மக்கள் நீதிமன்றம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பிரிவு 22 ஏ முதல் படியுங்கள். பொதுப் பயன்பாட்டுச் சேவை என்ற பட்டியலில் தண்ணீர் விநியோகம் இருக்கிறது. நீதிமன்றக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. முதலில் சமரசம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் அவர்களே தீர்ப்புச் சொல்லலாம், அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஆனால் அதே பிரச்சினையை ஏற்கனவே வேறு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாது. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் எங்கே மனுப் போடுவது என்று சொல்வார்கள். நாங்கள் மனுவைத் தட்டச்சு செய்து, நகலை ஆணையருக்கு அனுப்பினோம். தாக்கல் செய்வதற்கு முன்பே மதிப்பீடு போட ஆள் வந்துவிட்டது.

வேலையில் பணம் சுருட்டல் என்று தோன்றி, கையில் ஆதாரமும் இருந்தால் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு எழுதலாம். தண்ணீர் வரவில்லை என்பதற்கு மட்டும் அங்கே போக வேண்டாம்.

11. செலவு

எனக்கு ஆனது மொத்தம் 900 ரூபாய்க்குச் சற்று மேலே. ஜெராக்ஸும் ஸ்பீட் போஸ்டும்தான் பாதி. ஆர்.டி.ஐ. நகல்கள் 64 பக்கம், 128 ரூபாய். “எஸ்டிமேட் சீக்கிரம் வர வீட்டுக்கு ஐந்நூறு” என்று ஒருவர் வசூல் ஆரம்பித்தார். ரசீது கேட்டோம், அதோடு ஆளைக் காணவில்லை. பணம் எதுவானாலும் நகராட்சி ரசீதுக்கு எதிராக மட்டும் கொடுங்கள். புது இணைப்பு வாங்குவோருக்கான முன்வைப்புத் தொகையும் ரோடு வெட்டும் கட்டணமும் ஊருக்கு ஊர் மாறும். மன்றம் தீர்மானித்த தொகை என்ன என்று அலுவலகத்திலேயே கேளுங்கள், பிளம்பர் சொல்வதை நம்பாதீர்கள்.

12. குழி தோண்டும் அன்று

வேலை உத்தரவு நகலைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். அதில் 110 மில்லிமீட்டர் என்று இருந்தால் இறங்கும் குழாயின் மேல் அச்சடித்திருப்பதும் அதுவா என்று பாருங்கள். பழைய இணைப்பு ஒவ்வொன்றையும் புதுக் குழாய்க்கு மாற்றிவிட்டார்களா என்று வீடு வீடாகக் கேளுங்கள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டை விட்டுவிட்டு மூடினார்கள். மூடுவதற்கு முன் தண்ணீர் விட்டுக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள்.

ரோடு போட ஆள் வருவதற்குள் வால்வுத் தொட்டியைப் போட்டோ எடுத்து, பக்கத்துச் சுவரிலிருந்து தூரத்தை அளந்து எழுதிவையுங்கள். எங்களுடையது மூலை வீட்டுக் காம்பவுண்டிலிருந்து நான்கடி இரண்டு அங்குலம். அதே சுவரில் பெயின்ட்டால் எழுதியும் வைத்திருக்கிறோம்.